கேட்பவன் முகம்: கங்கை அமரன் என்ற இயக்குநர்

(வருசநாட்டில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

 

சினிமாவைப் பற்றிப் பேசுங்கள், யாரைப் பற்றி என்பது உங்கள் விருப்பம் என்றார்கள் இந்த அறக்கட்டளைக்காரர்கள். தேனி மாவட்டத்தில் அப்படிச் சொன்னால் ஒரு வரிசை தயாராக இருக்கிறது. அல்லிநகரத்து பாரதிராஜா. பண்ணைப்புரத்து இளையராஜா. வைகை அணைத் தண்ணீருக்குள் போன மெட்டூரிலிருந்து வடுகபட்டிக்கு வந்த வைரமுத்து. இந்த மூவரையும் பற்றி இங்கே சொற்பொழிவுகள் நடந்தாயிற்று, புத்தகங்கள் வந்தாயிற்று. வரிசையின் கடைசியில், கையெழுத்துக்குக் கீழே எழுதும் பின்குறிப்பு மாதிரி, ஒரு பெயர் வரும்: கங்கை அமரன். அதையும் பெயராகச் சொல்ல மாட்டோம். 'இளையராஜா தம்பி' என்போம். இப்போது பிள்ளைகள் 'வெங்கட் பிரபு அப்பா' என்கிறார்கள். அவரைப் பற்றித்தான் பேசப் போகிறேன். அதிலும் பாட்டெழுதிய, இசையமைத்த கங்கை அமரனை ஓரமாகத்தான் தொடுவேன். நகைச்சுவைப் படம் எடுத்த இயக்குநராக அவரை வைத்துப் பார்க்க வேண்டும் என்பது என் எண்ணம்.

அவர் நம் வருசநாட்டு மூல வைகைக்காரர் இல்லை, கம்பம் பள்ளத்தாக்குக்காரர் என்று இங்கே சிலர் முணுமுணுப்பது கேட்கிறது. வாஸ்தவம்தான். 1895-ல் பெரியாற்று அணையைக் கட்டித் தண்ணீரைக் கிழக்கே திருப்பியதிலிருந்து கம்பம் பள்ளத்தாக்குக்காரர்களுக்கு வயல் நிறைந்தது. நமக்கு இலவமரமும் வானமும் மிச்சம். ஆனால் இரண்டு தண்ணீரும் வைகை அணைக்கு முன்னாலேயே ஒன்றாகிவிடுகின்றன. அந்தக் கணக்கில் அவரும் நம்மவர்.

அவர் இயக்கிய 'கரகாட்டக்காரன்' வந்தது 1989 ஜூனில். மதுரையில் ஒரு வருடத்தைத் தாண்டி ஓடியது. அதே ஆண்டில்தான் 'அபூர்வ சகோதரர்கள்' வந்தது, ரஜினியின் 'ராஜாதி ராஜா' வந்தது. அவற்றோடு மோதிய இந்தப் படத்தின் நாயகன் ராமராஜன். ஒரு காலத்தில் மேலூரில் சினிமா கொட்டகையில் வேலை பார்த்தவர், பிறகு உதவி இயக்குநர், இயக்குநர், அதற்கப்புறம் நடிகர். நாயகி கனகாவுக்கு முதல் படம். பழைய நடிகை தேவிகாவின் மகள் என்பதைத் தவிர அவரைப் பற்றி யாருக்கும் எதுவும் தெரியாது. இப்படி ஒரு படம் ஒரு வருடம் ஓடினால் காரணம் கேட்கத்தானே வேண்டும்? கேட்டால் 'பாட்டு' என்பார்கள். அடுத்து 'கவுண்டமணி செந்தில்' என்பார்கள். வாழைப்பழம் என்பார்கள். இயக்குநர் பெயர் அந்தப் பதிலில் வராது.

நகைச்சுவை இயக்குநர்களின் தலையெழுத்தே அதுதான். அழ வைத்தால் இயக்குநருக்குப் பேர். சிரிக்க வைத்தால் நடிகருக்குப் பேர்.

நம் சினிமாவில் இதற்கு ஒரு சரித்திரக் காரணமும் உண்டு. என். எஸ். கிருஷ்ணன் காலத்திலிருந்தே நகைச்சுவைப் பகுதி தனிக் குடித்தனம். அவரே எழுதுவார், அவரே தன் குழுவை வைத்துக்கொள்வார், எடுத்து முடித்ததைப் படத்தில் சேர்த்துக்கொள்வார்கள். 'காமெடி டிராக்' என்று இன்றுவரை சொல்வது அந்த ஏற்பாட்டைத்தான். கதை ஒரு தண்டவாளத்தில், சிரிப்பு இன்னொன்றில். பட இயக்குநர் அந்தப் பக்கம் தலை வைத்தும் படுக்க மாட்டார். விதிவிலக்குகள் இருந்தன. 1964-ல் ஸ்ரீதர் எடுத்த 'காதலிக்க நேரமில்லை'யில் தனித் தண்டவாளம் என்று எதுவும் கிடையாது, படமே சிரிப்பு. அதில் நாகேஷ், தான் எடுக்கப்போகும் பேய்ப் படத்தின் கதையை அப்பா பாலையாவுக்குச் சொல்லும் காட்சியை யார் மறக்க முடியும்? சொல்பவர் நாகேஷ், சந்தேகமில்லை. ஆனால் நாம் யாரைப் பார்த்துச் சிரிக்கிறோம் என்று அடுத்த முறை கவனியுங்கள். கேட்டுக்கொண்டிருக்கும் டி. எஸ். பாலையாவின் முகத்தைப் பார்த்துத்தான். அவர் மிரளாவிட்டால் நாகேஷ் செய்வது வெறும் மிமிக்ரி.

இன்றைக்கு நான் சொல்ல வந்தது இதுதான். சிரிப்பு பேசுபவன் வாயில் பிறக்கிறது, கேட்பவன் முகத்தில்தான் உயிர் பெறுகிறது. யார் முகத்தைக் காட்டுவது, எத்தனை நேரம் காட்டுவது, அடுத்த வார்த்தையை எப்போது விடுவது என்ற தீர்மானம் இயக்குநருடையது. அது ஏறக்குறைய தாளத்தின் வேலை. தாளம் தெரிந்தவர்களுக்கு அது கைவந்துவிடுகிறது. கங்கை அமரனுக்கு அந்தத் தாளம் எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம்.

1947-ல் பண்ணைப்புரத்தில் பிறந்தவர். வீட்டில் இட்ட பெயர் அமர்சிங். மூத்த அண்ணன் பாவலர் வரதராசன் கம்யூனிஸ்ட் கட்சியின் மேடைப் பாடகர். 1958-ல் தேவிகுளம் தொகுதியில் மறுபடியும் தேர்தல் வந்தபோது, ரோசம்மா புன்னூஸுக்காக மூணாறு தேயிலைத் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர்கள் நடுவே பாடி வாக்குக் கேட்டவர் அவர். வரதராசன், பாஸ்கர், ராசையா, அமர்சிங் என்று நான்கு பேரும் பிறகு 'பாவலர் பிரதர்ஸ்' என்று ஊர் ஊராகப் போனார்கள். இதை எல்லோரும் இளையராஜாவின் இசைப்பள்ளியாகவே எழுதுகிறார்கள். கடைக்குட்டிக்கு அது வேறொரு பள்ளியாகவும் இருந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

கட்சிக் கூட்டத்தில் பாட்டுக் குழுவின் வேலை என்ன? தலைவர் வந்து சேரும்வரை கூட்டம் கலையாமல் பார்த்துக்கொள்வது. தலைவர் எட்டு மணிக்கு வருவதாகச் சொல்லி பத்தரைக்கு வருவார். வேலை முடிந்து அலுத்து வந்தவர்கள், குழந்தையை மடியில் போட்டிருக்கும் பெண்கள், ஓரத்தில் நிற்கும் விடலைகள். பாட்டால் மட்டும் இரண்டரை மணி நேரம் ஓட்ட முடியாது. இரண்டு பாட்டுக்கு நடுவில் ஒரு நையாண்டி வேண்டும். எதிர்க்கட்சி வேட்பாளரைக் கிண்டல் செய்ய வேண்டும். கூட்டம் சிரிக்கத் தொடங்கியதும் அடுத்த வரியை உடனே விடக் கூடாது. சிரிப்பு இறங்கத் தொடங்கும் நேரம் பார்த்து விட வேண்டும். சீக்கிரம் விட்டால் சத்தத்தில் அமுங்கிவிடும், தாமதித்தால் கூட்டம் ஆறிவிடும். இதை எந்தத் திரைப்படக் கல்லூரியும் பாடமாக வைத்ததாகத் தெரியவில்லை.

இந்த இடத்தில் கொஞ்சம் கடல் தாண்டிப் போய் வர அனுமதி கேட்கிறேன். ஹாலிவுட்டில் லியோ மெக்கேரி என்று ஓர் இயக்குநர். 1898-ல் லாஸ் ஏஞ்சல்ஸில் பிறந்தவர். வக்கீலுக்குப் படித்தார், அது கைகொடுக்கவில்லை. பாட்டெழுதிப் பார்த்தார், அதுவும் பெரிதாகப் போகவில்லை. கடைசியில் ஹால் ரோச் என்பவரின் நகைச்சுவைப் படக் கம்பெனியில் சேர்ந்தார். அங்கே ஒல்லியாக ஒரு நடிகரும் குண்டாக ஒரு நடிகரும் தனித்தனியாகச் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தார்கள். 1927 வாக்கில் அவர்களை ஜோடியாக நிலைநிறுத்தியதில் பெரும் பங்கு மெக்கேரிக்கு. லாரல், ஹார்டி என்று உலகமே அறிந்த ஜோடி.

அப்போதைய மௌனப் படங்களில் சிரிப்பு என்றால் ஓட்டம். துரத்துவார்கள், விழுவார்கள், மறுபடி துரத்துவார்கள். மெக்கேரி அந்த ஓட்டத்தை நிறுத்தினார். 1929-ல் அவர் மேற்பார்வையில் வந்த 'பிக் பிசினஸ்' என்ற குறும்படத்தில் லாரலும் ஹார்டியும் கிறிஸ்துமஸ் மரம் விற்கப் போகிறார்கள். வேண்டாம் என்கிறார் ஒரு வீட்டுக்காரர். தகராறு முற்றி அவர்கள் அவர் வீட்டைப் பிய்க்கிறார்கள், அவர் அவர்கள் காரைப் பிய்க்கிறார். ஒருவர் உடைக்கும்போது மற்றவர் தடுக்க மாட்டார். நின்று பொறுமையாகப் பார்ப்பார். அவர் உடைத்து முடித்த பிறகு இவர் முறை. அந்தப் பொறுமையில்தான் வயிறு வலிக்கிறது.

மெக்கேரி பிற்பாடு 1933-ல் மார்க்ஸ் சகோதரர்களை வைத்து 'டக் சூப்' எடுத்தார். 1937-ல் 'தி ஆஃபுல் ட்ரூத்' எடுத்து இயக்குநருக்கான ஆஸ்கர் வாங்கினார். அந்தப் படப்பிடிப்பில் அவர் செய்த காரியம் கேரி கிராண்ட் போன்ற நடிகரையே கலங்க வைத்தது. காலையில் தளத்துக்கு வந்ததும் பியானோ முன்னால் உட்கார்ந்து எதையாவது வாசித்துக்கொண்டிருப்பார். காட்சி கையில் இருக்காது. வாசிக்க வாசிக்க ஒன்று தோன்றும். எழுந்து வந்து, நீ இந்த வழியாக வா, நீ இதைச் சொல் என்பார். பயந்துபோன கிராண்ட் படத்தை விட்டே விலகப் பார்த்தார். ஆனால் அவரைப் பெரிய நட்சத்திரமாக்கியது அந்தப் படம்தான். ஆஸ்கரை வாங்கிக்கொண்ட மெக்கேரி, தவறான படத்துக்குக் கொடுத்துவிட்டீர்கள் என்றாராம். அதே ஆண்டில் அவர் இன்னொரு படமும் எடுத்திருந்தார்: வீட்டை இழந்த வயதான தாய் தகப்பனைப் பிள்ளைகள் ஆளுக்கொரு பக்கம் பிரித்துவைக்கும் கதை. ஜப்பானிய இயக்குநர் ஓசுவின் 'டோக்கியோ ஸ்டோரி'க்குத் தூண்டுதல் அது. ஓடவில்லை. சிரிக்க வைப்பவர்களுக்கெல்லாம் இப்படி ஒரு சோகப் படம் மனசுக்குள் இருக்கும் போலிருக்கிறது.

இந்த ஒப்பீட்டை ரொம்ப தூரம் இழுக்க எனக்கு ஆசையில்லை. மெக்கேரி பழுத்த கம்யூனிச எதிர்ப்பாளர். 1947-ல் அமெரிக்க நாடாளுமன்ற விசாரணைக் குழு முன் சாட்சி சொல்லப் போனார். உங்கள் படங்கள் ருஷ்யாவில் ஏன் ஓடவில்லை என்று கேட்டார்கள். அவர்களுக்குப் பிடிக்காத ஒரு பாத்திரம் அதில் இருக்கிறது என்றார். யார், உங்கள் நாயகன் பிங் கிராஸ்பியா என்றார்கள். கடவுள் என்றார். தேவிகுளத்தில் கதிர் அரிவாளுக்குப் பாடிய குடும்பத்தில் பிறந்தவரை இந்த மனிதர் பக்கத்தில் உட்கார வைத்தால் இருவருமே நெளிவார்கள். ஆனாலும் இருவருக்கும் பாட்டு வழியாகத்தான் சிரிப்பு வந்தது. மெக்கேரி கடைசிவரை பாட்டெழுதும் ஆசையை விடவில்லை. 1957-ல் தான் எடுத்த 'ஆன் அஃபேர் டு ரிமெம்பர்' படத்தின் தலைப்புப் பாடலில் அவர் கையும் உண்டு. ஜோடியை எங்கே வைப்பது, எத்தனை நேரம் காக்க வைப்பது என்பதும் இருவருக்கும் தெரிந்திருந்தது.

இனி நம் ஊருக்குத் திரும்புவோம்.

1977-ல் '16 வயதினிலே'யில் கங்கை அமரன் எழுதிய பாட்டுக்குத்தான் எஸ். ஜானகி தேசிய விருது வாங்கினார். 1979-ல் 'சுவரில்லாத சித்திரங்கள்', 1981-ல் 'மௌன கீதங்கள்' இரண்டுக்கும் இசை. இரண்டும் பாக்யராஜ் படங்கள். சின்னச் சின்ன வீட்டுச் சங்கடங்களை வைத்துச் சிரிப்புக் காட்டும் வித்தையை அங்கே அருகில் இருந்து பார்த்திருப்பார். 1982-ல் 'வாழ்வே மாயம்' இசை. அதே ஆண்டில் 'கோழி கூவுது' மூலம் இயக்குநர். பிரபுவுக்குக் கிராமத்து வேஷம் பொருந்தும் என்று காட்டிய படம். 1987-ல் 'எங்க ஊரு பாட்டுக்காரன்'. பாட்டுப் பாடினால்தான் பால் கறக்கும் பசு, ராமராஜன். நகரத்து விமர்சகர்கள் அந்தப் பசுவை வைத்துப் பல வருடம் கேலி செய்தார்கள். மாட்டுக்குப் பக்கத்தில் போகாதவர்களுக்கு அது கேலிதான்.

1989-க்கு வருவோம். 'தில்லானா மோகனாம்பாள்' படத்தின் சாயல் 'கரகாட்டக்காரன்' மீது உண்டு என்பது ஊரறிந்தது. அங்கே நாதஸ்வரமும் பரதமும். இங்கே கரகமும் கரகமும். அங்கே தவில் வாசித்தவர் பாலையா. இங்கே கரகக் குழுவில் அவருடைய மகன் ஜூனியர் பாலையா. இதை வேண்டுமென்றே செய்தார்களோ என்னவோ, எனக்குப் பார்க்கும்போதெல்லாம் ஒரு சந்தோஷம்.

இந்தப் படத்தில் நகைச்சுவை எங்கே வைக்கப்பட்டிருக்கிறது என்பதுதான் என் விஷயம். கரகாட்டத்தை நேரில் பார்த்தவர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள். கோயிலில் சக்தி கரகம் எடுத்து வருவது வேறு, அதில் கேலி கிடையாது. விடிய விடிய நடக்கும் ஆட்டக் கரகம் வேறு. நையாண்டி மேளம், இரண்டு நாதஸ்வரம், இரண்டு தவில், பம்பை, தமுக்கு. ராத்திரி ஒரு மணிக்கு மேல் ஆட்டம் சற்று ஓய்ந்து பேச்சு தொடங்கும். கரகம் ஆடும் பெண்ணுக்கும் பபூனுக்கும், அல்லது அவளுக்கும் தவில்காரருக்கும். என்ன பேச்சு என்று நான் சொல்ல வேண்டியதில்லை. பெரியவர்கள் பிள்ளைகளை வீட்டுக்கு விரட்டுவார்கள், பிள்ளைகள் வைக்கோல் போருக்குப் பின்னால் நின்று கேட்பார்கள். அந்தச் சிரிப்புக்கு விலை கொடுப்பவள் அந்தப் பெண். காசைக் குத்துவதும் அவள் மேல், வசவும் அவள் மேல்.

கங்கை அமரன் அந்தப் பேச்சை அப்படியே எடுத்து, பெண்ணிடமிருந்து கழற்றி, மேளக் கோஷ்டியில் இருக்கும் இரண்டு ஆண்களிடம் கொடுத்துவிட்டார். கனகா ஆடலாம், கோபப்படலாம், காதலிக்கலாம். யாரும் அவளிடம் இரட்டை அர்த்தம் பேசுவதில்லை. நையாண்டி முழுவதும் கவுண்டமணிக்கும் செந்திலுக்கும் நடுவே ஓடுகிறது. கதை நடக்கும் குழுவுக்குள்ளேயே அவர்கள் இருப்பதால் தனித் தண்டவாளம் போட வேண்டிய அவசியம் இல்லாமல் போயிற்று. குடும்பம் குடும்பமாக ஆட்கள் வந்து ஒரு வருடம் பார்த்ததற்கு இந்த ஒரு மாற்றம் பெரிய காரணம் என்று நான் நம்புகிறேன். இது எழுத்தாளர் செய்கிற தந்திரம் என்று தோன்றலாம். யாருடைய வாயில் எதைக் கொடுப்பது, யாரை அதிலிருந்து காப்பது என்பது முதலில் இயக்குநரின் தீர்மானம்.

வாழைப்பழத்துக்கு வருகிறேன். வராவிட்டால் நீங்கள் விடமாட்டீர்கள்.

வசனத்தைச் சொல்லிக்காட்ட மாட்டேன். என்னைவிட நீங்கள் நன்றாகச் சொல்வீர்கள். நடப்பது இவ்வளவுதான். காசு கொடுத்து இரண்டு பழம் வாங்கி வரச் சொல்கிறார் கவுண்டமணி. செந்தில் ஒன்றைத் தின்றுவிட்டு ஒன்றோடு வந்து நிற்கிறார். இன்னொன்று எங்கே என்ற கேள்விக்கு, கையில் இருப்பதுதான் அந்த இன்னொன்று என்கிறார். கவுண்டமணி கோபப்படாமல் கணக்கு வாத்தியார் போல முதலிலிருந்து வருகிறார். காசு கொடுத்தேனா? கொடுத்தீர்கள். இரண்டு வாங்கச் சொன்னேனா? சொன்னீர்கள். ஒன்று இருக்கிறது, சரி. இன்னொன்று? அதே பதில். ஒவ்வொரு படியிலும் செந்தில் ஒத்துக்கொண்டே வருகிறார், கடைசிப் படியில் மட்டும் கால் வைக்க மாட்டேன் என்கிறார். சுற்றியிருப்பவர்கள் நியாயம் கேட்க வருகிறார்கள். அவர்களுக்கும் அதே கணக்கு, அதே பதில்.

இதில் செந்தில் செய்வது எதுவுமில்லை. முகத்தில் கள்ளமில்லை, அவசரமில்லை. பதில் சொல்லிவிட்டு நிற்கிறார். வேலை முழுவதும் கவுண்டமணி முகத்தில் நடக்கிறது. முதல் தடவை புரியாமை. இரண்டாவது தடவை தான் சரியாகக் கேட்கவில்லையோ என்ற சந்தேகம். மூன்றாவது தடவை, உலகத்தில் கூட்டல் கழித்தல் என்று ஒன்று இருக்கிறதா என்ற கவலை. அடி விழுவதற்கு முன்னால் இத்தனையும் நடந்தாக வேண்டும். வேறொரு இயக்குநராக இருந்தால் இரண்டாவது கேள்வியிலேயே அடியை வைத்து, கூட்டத்தை ஒரு முறை சிரிக்கவிட்டு அடுத்த காட்சிக்குப் போயிருப்பார். அதே ஜோடியின் பல படங்களில் அப்படித்தான் நடந்திருக்கிறது. கவுண்டமணி கையை ஓங்கியதும் காட்சி முடிந்துவிடும். இங்கே அந்தக் கை ஓங்குவதற்கு ஒரு முழுப் பாட்டு அளவுக்கு நேரம் கொடுத்திருக்கிறார்கள். பல்லவி திரும்பத் திரும்ப வருகிறது. சரணத்தில் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருதி ஏறுகிறது. வீட்டை உடைப்பதைப் பொறுமையாக நின்று பார்த்த அந்த அமெரிக்கக்காரரும் நம் கவுண்டமணியும் அண்ணன் தம்பிகள்.

இதை எழுதியவர் ஏ. வீரப்பன். அவர் பெயரைச் சொல்லாமல் இந்தக் காட்சியைப் பற்றிப் பேசுவது பாவம். 1984-ல் 'வைதேகி காத்திருந்தாள்' படத்தின் பெட்ரோமாக்ஸ் விளக்கும் அவர் ஏற்றியதுதான். தானும் நடிகராக இருந்தவர், இந்த ஜோடிக்கு வருடக்கணக்கில் எழுதியவர், கடைசிவரை திரைக்குப் பின்னாலேயே நின்றவர். எழுத்து அவருடையது என்பதால் இயக்கம் இல்லாமல் போய்விடாது. இசைக்குறிப்பு ஒருவருடையது, அதற்குக் காலப்பிரமாணம் வைத்தவர் இன்னொருவர்.

அந்தக் கார் காட்சியும் இப்படித்தான். மேளக் கோஷ்டிக்குப் பழைய கார் ஒன்று வருகிறது. சொப்பனசுந்தரி என்ற பெண் வைத்திருந்த கார் என்று பெருமை வேறு. ஓடாத காரைத் தள்ளிக்கொண்டு போகும்போது செந்தில் அந்தப் பெண்ணைப் பற்றி ஒரு கேள்வி கேட்கிறார். இத்தனை பேர் இருக்க, என்னைப் பார்த்து ஏன் அதைக் கேட்டாய் என்று கவுண்டமணி கொதித்துப்போகிறார். சொப்பனசுந்தரி படத்தில் ஒரு முறையும் முகம் காட்டுவதில்லை. ஆனால் 34 வருடம் கழித்து, 2023-ல், ஐஸ்வர்யா ராஜேஷ் நடித்து 'சொப்பன சுந்தரி' என்று ஒரு படமே வந்தது. அதிலும் கார்தான் பிரச்சினை. திரையில் வராத பாத்திரம் இவ்வளவு நாள் உயிரோடு இருக்கிறது என்றால், அதற்கும் கேள்வி கேட்கப்பட்டவரின் முகம்தான் காரணம்.

குறையும் சொல்லியாக வேண்டும். கரகம் ஆடும் பெண்ணைக் காப்பாற்றிய படம், கோவை சரளாவைக் காப்பாற்றவில்லை. அவர் தோற்றத்தின் மீது வைக்கப்படும் கேலி இன்று பார்க்கும்போது உறுத்துகிறது. செந்திலின் நிறத்தையும் உடம்பையும் தலையையும் வைத்து அந்த ஜோடி ஓட்டிய காலம் மொத்தமுமே அப்படித்தான். எங்கள் வகுப்பறைகளில் கறுப்பாக, குண்டாக இருந்த பையன்களுக்கு அந்தப் படங்கள் என்னென்ன பட்டப்பெயர் கொடுத்தன என்பது அவரவருக்குத் தெரியும். சொப்பனசுந்தரி நகைச்சுவையும் ஒரு பெண்ணை 'வைத்திருப்பது' என்ற வழக்கின் மேல்தான் நிற்கிறது. இன்னொன்று: கரகாட்டக் கலைஞர்களை ஊர் எப்படி நடத்துகிறது, எங்கே உட்கார வைக்கிறது, எதில் சோறு போடுகிறது என்ற பக்கம் படம் திரும்பவே இல்லை. அண்ணன் பாடிய மேடைகள் அதைப் பாடின. தம்பியின் படத்தில் அது உச்சக்காட்சியின் தீமிதிப் புகையில் மறைந்துவிட்டது. வெற்றிப் படம் எடுப்பவர் எல்லாவற்றையும் சுமக்க முடியாது என்று ஒரு பதில் உண்டு. எனக்கு அது முழுத் திருப்தி தரவில்லை.

அதற்குப் பிறகான படங்களைச் சீக்கிரம் கடந்துவிடலாம். 1991-ல் 'கும்பக்கரை தங்கய்யா'. நம் பெரியகுளத்துக் கும்பக்கரையைத் தலைப்பிலேயே வைத்திருக்கிறார். 1992-ல் 'சின்னவர்', 'வில்லுப்பாட்டுக்காரன்'. 1993-ல் விஜயகாந்தை வைத்து 'கோயில் காளை'. 1997-ல் 'தெம்மாங்கு பாட்டுக்காரன்'. பாட்டுகள் நன்றாக இருந்தன. படங்கள் தங்களையே நகலெடுத்துக்கொண்டிருந்தன. ஊருக்கு ஒரு 'காரன்' என்று தலைப்பு வைத்து மற்றவர்களும் எடுத்துத் தள்ளியதில் அச்சு தேய்ந்துவிட்டது. தானே போட்ட பாதையில் மற்றவர்கள் லாரி ஓட்டி மண்ணைக் கிளப்பினால் முதலில் நடந்தவருக்கும் கண் எரியும். ஜோடியும் முன்போல் இல்லை. கவுண்டமணி தொண்ணூறுகளில் நாயகர்களுக்குச் சமமாகப் பக்கத்தில் நிற்கும் நண்பராகிவிட்டார்.

கதை அடுத்த தலைமுறைக்குப் போனது 2007-ல். மகன் வெங்கட் பிரபு 'சென்னை 600028' எடுத்தார். மந்தைவெளியில் தெருக் கிரிக்கெட் ஆடும் பையன்கள். எஸ். பி. பி. சரண் தயாரிப்பு, யுவன் இசை. அந்தப் படத்தில் காமெடியன் என்று தனியாக யாரும் கிடையாது. பதினோரு பேரும் காமெடியன்கள், பதினோரு பேரும் நாயகர்கள். அப்பா இரண்டு தண்டவாளங்களையும் ஒரே குழுவுக்குள் கொண்டுவந்தார், மகன் தண்டவாளத்தையே எடுத்துவிட்டார். தம்பி பிரேம்ஜி ஏதாவது சொல்லும்போது மற்றவர்கள் முகத்தில் ஓடும் அந்தச் சலிப்பை, அரை நொடி மௌனத்தை, கவனித்துப் பாருங்கள். கேட்பவன் முகத்துக்கு நேரம் கொடுக்கும் பழக்கம் பண்ணைப்புரத்திலிருந்து மந்தைவெளிவரை போயிருக்கிறது.

கடைசியாக, இந்த அறக்கட்டளைக்காரர்களிடம் ஒரு விண்ணப்பம். ஆண்டிபட்டி, கடமலைக்குண்டு, மயிலாடும்பாறைப் பக்கம் மேளம் வாசித்த, பபூன் வேஷம் கட்டிய பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பாட்டைப் பதிவு செய்யப் பல்கலைக்கழகத்திலிருந்து வருகிறார்கள். அந்த நடுராத்திரிப் பேச்சைப் பதிவு செய்ய யாரும் வருவதில்லை. கொச்சை என்று விட்டுவிடுகிறார்கள். பேசுபவர் யார், இடையில் தவில் எங்கே விழுகிறது, கூட்டம் சிரித்து முடிக்கும்வரை எப்படி நிற்கிறார்கள் என்பதெல்லாம் அவர்களோடு போய்விடும். அடுத்த வருடம் என்னைப் போல ஒருவரைக் கூப்பிட்டு மைக் கொடுக்கும் செலவில், ஒரு நல்ல ஒலிப்பதிவுக் கருவியும் வண்டி வாடகையும் ஆகிவிடும். ஆடும் பெண்களிடமும் கேட்க வேண்டும். அவர்கள் அந்தப் பேச்சைப் பற்றி என்ன நினைத்தார்கள் என்பதை இதுவரை யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. பங்குனி, சித்திரையில் போகாதீர்கள். அது அவர்களுக்குச் சம்பாத்தியக் காலம், பேச நேரம் இருக்காது. மார்கழியில் போங்கள். பெரும்பாலும் வீட்டில்தான் இருப்பார்கள்.